அதனைத் தொடர்ந்து நாடகம் நடைபெறும்

போன மாதம் மூன்று கல்லூரிப் பையன்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். பாளையங்கோட்டையில் முதல் நாடகம் போடப் போகிறார்களாம். "அண்ணாச்சி, இன்விடேஷன் டிசைன் பண்ணியாச்சு, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்று போனை நீட்டினார்கள். தலைமை ஒருவர், முன்னிலை நான்கு பேர், வரவேற்புரை, தொடக்கவுரை, வாழ்த்துரைக்கு ஒன்பது பேர், சிறப்புரை, தொகுப்புரை, நன்றியுரை. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. அதில் பாதிப் பேருக்கு வட்டத்துக்குள் படம் வேறு. நாடகத்தின் பெயர் எங்கே என்று தேடினால், நன்றியுரைக்கு மேலே சின்ன எழுத்தில் "அதனைத் தொடர்ந்து நாடகம் நடைபெறும்" என்று இருந்தது. பெயர்கூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2012இல் எங்கள் நாடகத்துக்கு நான் அடித்த அழைப்பிதழும் இப்படித்தான் இருந்தது. படங்கள் மட்டும் சதுரம்.

அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வசனம் பாடமாகாமல் ஏறாதே, மைக்கை முன்கூட்டியே சோதித்துப் பார் என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை ஒரு தடவை அடிபட்டால் தானாக வந்துவிடும். அடிபட்ட பிறகும் எதில் அடிபட்டோம் என்று தெரியாமலே போகிற தவறுகள் சில இருக்கின்றன, அவற்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர், லோகோ, லெட்டர்பேடு

நாடகம் ஒன்றுகூட போடாமல் குழுவுக்குப் பெயர் வைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்தெடுத்து, பதிவும் செய்துவிடுகிறார்கள். 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரில் நான்கு பேர் அடுத்த ஆண்டு வேலை கிடைத்து ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வேலை மட்டும் ஊரில் மிச்சம் இருப்பவன் தலையில் விழும். மூன்று நாடகம் போடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்தவரை மேடையில் ஏற்றுவது

நான் சொல்ல வந்ததே இதைத்தான், கொஞ்சம் நீளும்.

2012இல் எங்களிடம் காசு இல்லை. ஒரு கடை முதலாளி பத்தாயிரம் தருகிறேன் என்றார். நல்ல மனிதர்தான், இன்றைக்கும் எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்வேன். "நான் சும்மா ரெண்டு வார்த்த பேசிட்டு இறங்கிருதேன்" என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். அவரைக் கூப்பிட்டால் அவருடைய சங்கத் தலைவரைக் கூப்பிட வேண்டும். சங்கத் தலைவர் வந்தால் செயலாளர் வராமல் இருக்க முடியாது. அவர்கள் எல்லாம் வணிகர்கள், இலக்கியத்துக்கு ஒரு ஆள் வேண்டாமா என்று எங்களில் ஒருவன் இரண்டு பேராசிரியர்களைச் சேர்த்தான். ஒரு பேராசிரியரைப் போட்டு இன்னொரு கல்லூரிக்காரரைப் போடாவிட்டால் நன்றாக இருக்காது என்று இன்னும் இரண்டு. இப்படியே பதினான்கு பேர். அதில் ஒருவர் தன் பெயர் 'தலைமை'யில் இல்லாமல் 'முன்னிலை'யில் இருக்கிறது என்று கோபித்துக்கொண்டதால் அழைப்பிதழை இரண்டாம் முறை அச்சடித்தோம், அதுவும் பல வண்ணத்தில்.

ஆறு மணி நிகழ்ச்சி. சிறப்பு விருந்தினர் வராததால் ஆறே முக்காலுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, பிறகு குத்துவிளக்கு. காற்றில் திரி அணைந்து அணைந்து ஏற்றி முடிக்கவே எட்டு நிமிடம். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ, அதைப் போர்த்துவதற்கு ஒருவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்க வேண்டும், அவர் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து நடந்து வர வேண்டும். பேசிய ஒவ்வொருவரும் "நேரத்தின் அருமை கருதி" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒருவர் நாடகத்தின் கதையையே, முடிவு உட்பட, சொல்லிவிட்டார். இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொன்ன முதலாளி பேசியது இருபத்தைந்து நிமிடம். திரைக்குப் பின்னால் பையன்கள் முகத்தில் பூசிய வண்ணம் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள்.

நாடகம் ஆரம்பித்தபோது மணி ஒன்பது ஐந்து. ஒன்றேகால் மணி நேர நாடகம். இருநூறு பேர் வந்த இடத்தில் அப்போது எழுபது பேர் இருந்தால் அதிகம். பேசி இறங்கிய பதினான்கு பேரில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருவர், அவரும் கார் வருவதற்காக. சரியாகப் பத்து மணிக்கு ஒரு காவலர் வந்து நின்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மைக்கை அணைத்துவிட்டுக் கடைசி இரண்டு காட்சிகளைத் தொண்டை கிழியக் கத்தி முடித்தோம்.

இது கூடப் பரவாயில்லை. எங்கள் குழுவில் ஒரு பையனுடைய ஆச்சி முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். பேரன் வேஷம் கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று ஐந்தரை மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவரை, விருந்தினர்களுக்கு இடம் வேண்டும் என்று நான்தான் எழுப்பிப் பின்னால் உட்கார வைத்தேன். பேரன் மூன்றாவது காட்சியில்தான் வருவான். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஆச்சி முதல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார். அதன்பின் அவரால் எங்கள் நாடகம் எதற்கும் வர முடியவில்லை.

அந்தப் பத்தாயிரத்தின் கணக்கையும் கேளுங்கள். நினைவுப்பரிசு பதினான்கு, தலா 300 ரூபாய், ஆகமொத்தம் 4,200. அழைப்பிதழுக்குக் கூடுதலாக ஆனது 3,300. விருந்தினர்களுக்கும் அவர்களோடு வந்தவர்களுக்கும் டிபன், காபி 2,500. இதோடு பத்தாயிரம் சரி. பொன்னாடை பதினான்கு, தலா 120, மொத்தம் 1,680. அது கைக்காசு. அதாவது ஒருவர் எங்களுக்கு நன்கொடை கொடுத்ததைக் கொண்டாட எங்கள் பையிலிருந்து பணம் போட்டு ஊருக்கெல்லாம் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். நாடகத்துக்கு அதிலிருந்து ஒரு பைசா வரவில்லை. இதை நான் கண்டுபிடித்தது அடுத்த வாரம், ரசீதுகளை வைத்துக்கொண்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோது. இப்போது எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இது நம்ம ஊர் அளவு நகரத்தில்தான் அதிகம் நடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியில் இருந்தது நாலே முக்கால் லட்சம் பேர். கேட்க நிறையதான், ஆனால் நாடகத்துக்கு, கவிதை வாசிப்புக்கு, ஓவியக் கண்காட்சிக்கு வருகிற ஆட்கள் எல்லாவற்றுக்கும் அதே இருநூறு முந்நூறு பேர். சென்னையில் ஒரு கூட்டத்தைக் கெடுத்துக்கொண்டால் வேறு கூட்டம் இருக்கிறது. இங்கே அந்த இருநூறு பேரை ஒருநாள் மூன்று மணி நேரம் உட்கார வைத்து அறுத்துவிட்டால், அடுத்த நோட்டீஸைப் பார்த்ததும் "அவங்களா?" என்பார்கள். எங்கள் அடுத்த நாடகத்துக்கு வந்தது நாற்பது பேர்.

சரி, காசுக்கு என்ன செய்வது? தருகிறவரிடம் வாங்குங்கள், மைக்கை மட்டும் கொடுக்காதீர்கள். முன்வரிசையில் நாற்காலி, பேனரில் ஒரு வரி நன்றி, முடிந்தபின் பார்வையாளர்கள் முன்னால் பெயர் சொல்லிக் கைதட்டல். பேச வேண்டும் என்றால் நாடகம் முடிந்த பிறகு பேசலாம் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அன்றைக்கு வேறு கல்யாணம் இருக்கும்.

இன்னொரு வழி, மேடையே வேண்டாம். 1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வந்து நடத்திய பட்டறையிலிருந்தே தமிழ் நாடகக்காரர்களுக்கு இது தெரியும். மேடை, விளக்கு, திரை எதுவும் இல்லாமல் பார்வையாளர்கள் சுற்றி உட்கார, நடுவில் நடிப்பது. அவர் கலைக்காகவும் அரசியலுக்காகவும் சொன்னார், நான் அதில் கண்டுகொண்ட லாபம் வேறு. மேடை இருந்தால் நாற்காலி போடத் தோன்றும், நாற்காலி போட்டால் உட்கார ஆள் தேடத் தோன்றும். தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவில் நின்று வாழ்த்துரை வழங்க யாருக்கும் மனம் வருவதில்லை. மைக்கும் தேவையில்லை, அதற்கான அனுமதிக்கும் அலைய வேண்டாம். முடிந்ததும் துண்டை ஏந்தினோம். முதல் தடவை விழுந்தது 3,140 ரூபாய். பத்தாயிரத்தைவிட அது பெரிய தொகை, செலவே இல்லாமல் வந்தது.

பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவது

நாடகம் என்றால் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று இன்னமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் மிச்சம் அது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. இடத்துக்கு அனுமதி வேண்டும், ஒலிபெருக்கிக்கு வேண்டும். நீங்கள் எழுதிய வசனத்துக்கு வேண்டாம். நீங்களாகப் போய் நீட்டினால் யாராவது சிவப்புப் பேனாவைத் திறக்கத்தான் செய்வார்கள்.

கணியான் கூத்தை ஊறுகாயாகத் தொடுவது

"நாடகத்துக்கு முன்னாடி ஒரு பதினஞ்சு நிமிஷம் நாட்டுப்புறக் கலை வச்சா நல்லாருக்கும்லா?" இந்தப் பையன்களும் கேட்டார்கள். சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் விடிய விடியக் கதை பாடுகிற கணியான் கூத்துக்காரர்களைக் கூப்பிட்டுப் பதினைந்து நிமிடத்தில் முடி என்பது என்ன நியாயம்? கதையை நடத்திப் பாடும் அண்ணாவி, தொடக்கத்தில் காப்புப் பாடி முடிப்பதற்குள் உங்கள் பதினைந்து நிமிடம் போய்விடும். அவர்கள் வாசிக்கும் மகுடம் என்கிற தோல்கருவிக்குத் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றினால்தான் நாதம் வரும், அதற்கு ஓர் இடம் வேண்டும், நெருப்பு வேண்டும். நாங்கள் ஒரு தடவை கல்யாண மண்டபத்துக்குள் கூட்டிப் போய் "இங்க தீ மூட்டக் கூடாது" என்று மேலாளரிடம் திட்டு வாங்கினோம். மந்த மகுடம் அன்றைக்கு அட்டைப்பெட்டி மாதிரி ஒலித்தது. அதை வாசித்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

சித்திரை, வைகாசியில் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். கொடைகள் நிறைய வருகிற காலம், அந்த மாதங்களின் வருமானத்தில்தான் மற்ற மாதங்கள் ஓட வேண்டும். கூப்பிட்டால் முழு இரவையும் அவர்களுக்கே கொடுங்கள். உங்கள் நாடகத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பேசிய அன்றே பாதி, முடிந்த இரவே மீதி. சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஐப்பசியில் திறந்தவெளி

வேண்டாம்.

இரவு எட்டு மணி ஒத்திகை

எல்லோருக்கும் வேலை, இடமும் எட்டு மணிக்கு மேல்தான் கிடைக்கும், அதனால் இரவில் வைத்தோம். இரண்டு ஆண்டுகள் எங்கள் குழுவில் ஒரு பெண் நிலைக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைங்க நாடகத்துக்கு வர மாட்டேங்காங்க" என்று நாங்களே கூட்டம் போட்டு வருத்தப்பட்டோம், அதைப் பற்றி நான் ஒரு கட்டுரைகூட எழுதினேன், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நின்றுபோன ஒரு பெண்ணின் அம்மாவை வண்ணார்பேட்டையில் பார்த்தபோது கேட்டேன். "நாடகம் நல்லதுதான் தம்பி. பத்து மணிக்கு ஜங்ஷன்ல இறங்கி எம் மக எப்படி வீடு வந்து சேருவா, அத யாராவது யோசிச்சீங்களா?" என்றார். யாரும் யோசித்திருக்கவில்லை. இப்போது ஞாயிறு காலை ஏழு முதல் பத்து, ஒரு பள்ளிக்கூட வராந்தாவில். குழுவில் பாதிக்கு மேல் பெண்கள்.

வாட்ஸ்அப் கட்டைவிரல்

நூறு கட்டைவிரலுக்கு முப்பது நாற்காலி போடுங்கள். குறைந்தால் கொண்டுவரலாம், காலி நாற்காலியை மறைக்க முடியாது.

சென்னையிலிருந்து ஒருவரை வரவழைப்பது

வந்து போகிற செலவில் நான்கு வாரத்து ஒத்திகைக்கு டீ வாங்கலாம்.

கணக்கு

அன்றிரவே எழுதுங்கள். துண்டில் விழுந்ததை எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள். நட்பு முறிந்த குழுக்கள் எனக்குத் தெரிந்து மூன்று, மூன்றிலும் தொகை ஆயிரத்துக்குள்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பையன்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் மட்டும், "எல்லார்ட்டயும் சொல்லிட்டோமே அண்ணாச்சி, இப்ப எப்படி எடுக்க?" என்றான். நானும் அதே கேள்வியை 2012இல் கேட்டிருக்கிறேன், கேட்டதோடு விட்டுவிட்டேன். "பேர எடுக்க வேண்டாம், நாடகத்த முதல்ல வை, பேச்ச அப்புறம் வச்சுக்கோ. போட்டு அனுப்பிப் பாரு" என்றேன்.

நேற்று புது அழைப்பிதழை அனுப்பியிருந்தான். நாடகத்தின் பெயர் பெரிய எழுத்தில் மேலே, சரியாக 6.30க்கு. அடியில் "அதனைத் தொடர்ந்து வாழ்த்துரை" என்று போட்டு நான்கு பெயர். மற்ற பதினைந்து பேருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருக்கிறதாம்.