முன்பின் தெரியாதவரைப் படம் எடுக்க அனுமதி கேட்பது எப்படி?

கேமரா வாங்கிய முதல் ஆண்டில் நான் எடுத்த முகங்கள் எல்லாமே 200 மி.மீ. லென்ஸில், தொலைவில் ஒதுங்கி நின்று எடுத்தவை. அருகில் போய்க் கேட்க அவ்வளவு தயக்கம். அதைப் போக்கிய வழி இதுதான்.

1. கேட்பதற்கு முன்பே கேமராவைத் தயார் செய்யுங்கள். நிழலில் இருப்பவர் என்றால் எனக்கு லென்ஸ் துவாரம் எஃப் 4, ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் தானியங்கி. சரி என்றவரை நிறுத்திவைத்துப் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்தால் முகம் இறுகிவிடும். லென்ஸ் 35 மி.மீ. போதும், பேசுகிற தூரத்திலேயே படமும் எடுக்கலாம்.

2. பின்னாலிருந்து போகாதீர்கள். அவர் கண்ணில் படும்படி, கேமராவைத் தாழ்த்திக்கொண்டு போய், முதலில் வணக்கம் சொல்லுங்கள்.

3. கேளுங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, ஒரு படம் எடுக்கலாமா?" என்றேன். "எதற்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கண்ணில் பொருத்திய உருப்பெருக்கியைக் கழற்றாமலே வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சில வாரம் கழித்துத் திரும்பப் போனேன். "இடுக்கியில் அந்தத் திருகாணியைப் பிடிக்கும்போது உங்கள் விரல் அசையவே இல்லை ஐயா. அதைப் படமெடுக்க ஆசை. என் சேகரிப்புக்குத்தான், எங்காவது வெளியிடுவதானால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்" என்றேன். விளக்கை அவரே என் பக்கம் திருப்பி வைத்தார். எதைப் பார்த்து வந்தீர்கள், படத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற இரண்டையும் சொல்லிவிடுங்கள். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.

4. பதிலைக் கவனியுங்கள். வாய் சரி என்றாலும் உடல் விலகினால் அது மறுப்புதான். நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். தள்ளி நின்று எடுப்பது துரோகம். குழந்தை என்றால் பெற்றோரிடமும் குழந்தையிடமும் கேட்க வேண்டும்.

5. முதல் படம் விறைப்பாகத்தான் வரும். பேச்சைத் தொடர்ந்தபடி இன்னும் இரண்டு எடுத்து, திரையில் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்ணெதிரிலேயே அழியுங்கள்.

பின்சேர்க்கை: மொழி தெரியாத இடத்தில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேமராவைத் தொட்டுக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். தலையசைப்பு தெளிவாக இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்றும் கேள்வி வந்தது. அதற்கு வாய்ச்சொல் போதாது. மாடல் ரிலீஸ் எனப்படும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடப்பில் உள்ள ஜிடிபிஆர் எனும் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆளை அடையாளம் காட்டும் படமும் தனிநபர் தரவுதான்.

படத்தை அனுப்புவதாகச் சொன்னால் அன்றிரவே அனுப்பிவிடுங்கள். முகவரி வாங்க நான் கைபேசியைவிடச் சிறு நோட்டையே விரும்புகிறேன். அவரே தம் கையால் எழுதித் தருவார். அந்தப் பக்கத்திலேயே படத்தின் எண்ணையும் குறித்துவைப்பேன்.