சவாரியின் நடுவே வேட்டைக் கூட்டம் எதிர்ப்பட்டால்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் குளிர்காலம் முழுதும் குதிரையேறிச் செல்பவர்கள், என்றாவது ஒரு நாள், வேலிக்கு அப்பாலிருந்து ஊதுகொம்பின் ஒலியையும், அதைத் தொடர்ந்து முப்பது நாற்பது வேட்டைநாய்கள் ஒருசேரக் குரலெடுப்பதையும் கேட்டே தீருவார்கள். 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தபின், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவி நரியைத் துரத்துவது குற்றமாகிவிட்டது. அதன்பின், நரி நாற்றம் தோய்ந்த கந்தலை முன்கூட்டியே இழுத்துச் சென்று பதித்த மோப்பத் தடத்தை நாய்கள் தொடர, குதிரைகள் அவற்றின் பின்னால் பாயும் ‘டிரெயில் ஹன்டிங்’ என்ற வடிவில் கூட்டங்கள் நடந்து வருகின்றன. அது சரியா தவறா என்ற வாதம் இங்கே ஓய்ந்தபாடில்லை. நான் அதற்குள் போகவில்லை. முன்னே ஓடுவது நரியா, நரி நாற்றம் தோய்ந்த கந்தலா என்பது உங்கள் குதிரைக்குத் தெரியாது. தன் இனம் நாற்பது சேர்ந்து எங்கோ தலைதெறிக்க ஓடுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

குதிரை மந்தை விலங்கு. மந்தை ஓடினால் காரணம் கேட்காமல் தானும் ஓடிய குதிரைதான் உயிர் பிழைத்தது என்பதால், அந்நேரத்தில் அதனிடம் “அசையாமல் நில்” என்று கேட்பதைவிடக் கடினமான கட்டளை வேறில்லை. இனி சொல்லப்போகும் அத்தனையும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதாம்.

புறப்படுவதற்கு முன்

முதன்மையான பருவம் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை நீளும். இளம் நாய்களைப் பழக்கும் இலையுதிர்கால ஓட்டங்கள் அதற்கு முன்பே, ஆகஸ்ட் கடைசி வாக்கில், விடியற்காலையில் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 அன்று பெருங்கூட்டம் கூடுவது வழக்கம். ஒவ்வொரு கூட்டமும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே வெளியே வருவதால், லாயத்தில் பழைய ஆட்களிடம் “இன்று எங்கே கூடுகிறார்கள்” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எதிர்த்திசையில் சவாரி போவதே பாதி வேலையை முடித்துவிடும்.

கூடவே எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. குதிரையின் கழுத்தில் ஒரு கழுத்துவார் மாட்டுங்கள். பழைய அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) வாரே போதும். குதிரை துள்ளும்போது கடிவாள வாரைப் பற்றித் தொங்காமல் இதைப் பிடித்துக்கொள்ளலாம். கைப்பேசி உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், சேணப் பையில் அல்ல. நீங்கள் கீழே விழுந்து குதிரை ஓடிவிட்டால் கைப்பேசியும் அதனுடனேயே போய்விடும். முடிந்தால், அனுபவமுள்ள நிதானமான குதிரை ஒன்றைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒலி கேட்டவுடன்

பெரும்பாலும் உங்களுக்கு முன்பே குதிரைக்குக் கேட்டுவிடும். நடை சட்டென்று நின்று, தலை உயர்ந்து, காதுகள் இரண்டும் ஒரே பக்கமாகக் குத்திட்டு நிற்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும் அந்த இதயம் சேணத்துக்குக் கீழே உலக்கை இடிப்பதுபோல் உங்கள் கெண்டைக்காலில் தட்டுவதை முதன்முறை உணரும்போது, குதிரையைவிட நீங்கள் அதிகமாகப் பயந்துவிடுவீர்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பாட்டு ஒன்றை முணுமுணுப்பதும் உதவும், ஏனெனில் பாடிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது.

அடுத்து, கூட்டம் வருகிறதா போகிறதா என்பதைக் கணியுங்கள். பள்ளத்தாக்கில் ஒலி எதிரொலித்து ஏமாற்றும் என்பதால் அரை நிமிடமாவது கேட்டபின் முடிவெடுங்கள். தொலைவில் இருந்தால் திரும்பி, நடையிலேயே விலகுங்கள். வீடு நோக்கி டிராட்டில் (துள்ளுநடையில்) விரட்டினால், “ஓட வேண்டிய ஆபத்துதான் வந்திருக்கிறது” என்று நீங்களே அதற்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

கூட்டம் அருகில் வந்துவிட்டால்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. இரு பக்கமும் கரை உயர்ந்த ஒடுங்கிய பாதை மிக மோசமான இடம். லெஸ்டர்ஷயரில் அப்படியொரு பாதையில் நான் மாட்டிக்கொண்டபோது, இரு கை வாரையும் இறுகப் பிடித்து என் பெட்டைக் குதிரையை நிறுத்த முயன்றேன். முன்னே போக வழியில்லாத அது பின்னோக்கியே நடந்து, பின்னங்கால்கள் இரண்டையும் வாய்க்காலில் இறக்கிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. இருபது அடி முன்னால், வயலுக்குள் நுழையும் அகலமான வாயில் ஒன்று இருந்தது. அத்தகைய இடத்துக்குச் சென்று ஓரமாக ஒதுங்குங்கள். ஆனால் வாயிலை மறிக்காதீர்கள், கூட்டம் அதன் வழியாகவே வரக்கூடும்.

அடுத்தது, எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி: குதிரையின் முகம் நாய்களை நோக்கி இருக்க வேண்டும், பின்புறம் அல்ல. குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை வரை பார்வை உண்டு என்றாலும், வாலுக்கு நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஏதோ சலசலத்தால் அது உதைக்கும், உதைத்தால் நாய் செத்தும் போகும். வேட்டைக்காரர்களிடையே நாயை உதைக்கும் குதிரைக்கு இருக்கும் கெட்ட பெயர் வேறெதற்கும் இல்லை. உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பனும், அனுபவமற்ற இளங்குதிரையின் வாலில் பச்சை ரிப்பனும் கட்டுவது அங்குள்ள மரபு. உங்கள் குதிரை புதியது என்றால் நீங்களும் பச்சை கட்டிக்கொள்ளலாம். “ஹவுண்ட்ஸ், ப்ளீஸ்!” என்று யாரேனும் குரல் கொடுத்தால், நாய்கள் கடந்து செல்கின்றன, குதிரையைத் திருப்பு என்று பொருள். (அவற்றை ‘டாக்ஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள், முகம் சுளிப்பார்கள். எண்ணுவதும் ஜோடிக் கணக்கில்தான்: பதினைந்தரை ஜோடி என்றால் முப்பத்தொன்று. நம் உதகையின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஆங்கிலேயர் குள்ளநரிகளைத் துரத்திய காலத்தில் இந்த வழக்கங்களும் கூடவே நீலகிரி ஏறியிருக்க வேண்டும்.)

முகம் நாய்ப்பக்கம் இருக்கட்டும். அதற்காகக் கால்களைக் கட்டிப்போட வேண்டியதில்லை. நிற்க முடியாத குதிரைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்: நான்கு அடி இடப்புறம், நான்கு அடி வலப்புறம், மறுபடியும் இடப்புறம் என்று, வால் நாய்ப்பக்கம் போகாதபடி நடத்துங்கள். வாரை இடைவிடாமல் இழுத்தால் குதிரை அதன்மீதே சாய்ந்துகொண்டு பலம் காட்டும். இழுத்து, தளர்த்தி, மீண்டும் இழுத்துப் பிடியுங்கள். உண்மையிலேயே பிய்த்துக்கொண்டு ஓடினால், இடம் இருக்கும்வரை பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். ஈரப் புல்லிலும் தார்ச்சாலையிலும் தலையைத் திடீரென்று முழங்காலுக்கு வளைத்தால் குதிரை வழுக்கி உங்களோடு சேர்ந்து விழும்.

வாய் திறந்து உதவி கேட்கவும் தயங்காதீர்கள். கையை உயர்த்தி, “என் குதிரை புதிது, கொஞ்சம் மெதுவாகப் போக முடியுமா?” என்று சொன்னால், முன்னால் வருபவர்கள் பெரும்பாலும் நடைக்கு இறங்கிவிடுவார்கள்.

இறங்கலாமா?

புதியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நிதானமாக இருக்கும் குதிரையை விட்டு இறங்குவதால் பயனில்லை. தரையில் நிற்கும் உங்களை அது எளிதாக இழுத்துச் சென்றுவிடும். ஆனால் அது முன்னங்கால்களைத் தூக்கத் தொடங்கினாலோ, உங்கள் துணிவு முற்றிலும் போய்விட்டாலோ, கூட்டம் வந்து சேர்வதற்கு முன்பே இறங்கிவிடுங்கள். பாதிக் குழப்பத்தில் இறங்குவதுதான் ஆபத்து. அங்கவடிகளை மேலே ஏற்றிவிட்டு, வாரைக் குதிரையின் தலைக்கு மேலாக எடுத்து, அதன் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், முன்னால் நிற்காதீர்கள். வாரைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது. தலைக்கவசமும் கையுறையும் அப்படியே இருக்கட்டும்.

கடந்து சென்ற பின்

நாய்கள் போய்விட்டன என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். பின்தங்கியவர்கள் தனித்தனியாகப் பாய்ந்து வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்குசக்கர பைக்குகளும், காரில் பின்தொடரும் வேடிக்கை பார்ப்பவர்களும் வருவார்கள். ஒலி முற்றிலும் அடங்கிய பிறகும் பத்து நிமிடமாவது அதே இடத்தில் நடத்தியபடி இருந்துவிட்டு, அவர்கள் சென்றதற்கு எதிர்த்திசையில் புறப்படுங்கள்.

லாயத்துக்கு வந்ததும் நான்கு கால்களையும் தடவிப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு குளம்பு மற்றொன்றை மிதித்து லாடம் தளர்ந்திருக்கும், கணுக்காலில் வெட்டு இருக்கும், சேற்றுக்கடியில் அது கண்ணுக்குத் தெரியாது. வியர்வை காயும்வரை போர்வை போர்த்தி நடத்துங்கள். அடுத்த சில நாட்களுக்கு அதே வாயிலைக் கடக்கும்போது குதிரை நின்று காது குத்திடும். அதட்டாதீர்கள், துணைக்குதிரையை முன்னே விட்டுப் பின்னால் நடத்திச் செல்லுங்கள்.