ஆடை அளவு அட்டவணை தயாரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் கிடைத்த வெளிநாட்டுச் சட்டையொன்றைப் பிரித்து, அதன் துண்டுகளைத் தாளில் வரைந்து, 'மீடியம்' என்று பெயரிட்டுவிடுவது ஆயத்த ஆடை தைப்போர் செய்யக்கூடிய முதல் தவறாகும். அந்தச் சட்டை வேறொரு நாட்டு மக்களின் உடலளவுக்கு வரையப்பட்டது. கிழக்கிலங்கையின் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அதை அணியும் பெண்ணுக்கு மார்பளவு பொருந்தினாலும் தோள் இறங்கி, கை நீண்டு நிற்கலாம். அணியப்போகிறவர்களை அளந்த பின்னரே அட்டவணை எழுதப்பட வேண்டும்.

யாரை அளப்பது என்பதில்தான் மிகப் பெரிய பிழை நேர்கிறது. அமெரிக்காவில் 1939-40 காலப்பகுதியில் ஏறத்தாழ 15,000 பெண்களிடம் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. ஆனால் வெள்ளையினப் பெண்களின் அளவுகளே கணக்கில் சேர்க்கப்பட்டன. அந்தத் தரவை அடிப்படையாகக் கொண்டு 1958இல் வெளியான அளவுத்தரம் பின்னர் கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோரை அளந்தும் ஆட்களைத் தெரிவு செய்ததில் நேர்ந்த குறை குறையாகவே இருந்தது. நம்மிடத்திலும் தையல் வகுப்புக்கு வரும் இளம்பெண்களை மட்டும் அளந்தால், பிள்ளை பெற்ற தாய்மாரும் ஐம்பதைக் கடந்தோரும் விடுபட்டுப் போவார்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரைப் பட்டினங்களில் அளந்துவிட்டு, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல்வேலை செய்யும் பெண்களை விட்டுவிடுவது அநீதி என்றே நான் கருதுகிறேன். அவர்களும் காசு கொடுத்துத்தான் ஆடை வாங்குகிறார்கள்.

எல்லா அளவுகளுக்கும் சராசரி கண்டு, அந்தச் சராசரி உடலுக்கு வெட்டுவது அடுத்த தவறு. 1950இல் அமெரிக்க விமானப்படை அளந்த 4,063 விமானிகளில், பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டியிருந்தவர் ஒருவர்கூட இல்லை என்று அப்படையின் ஆய்வாளர் கில்பர்ட் டேனியல்ஸ் கண்டறிந்தார். ஆகவே மேற்சட்டைக்கு மார்பளவை முதன்மையாகக் கொண்டு, அதே மார்பளவு உடையோரிடம் உயரமும் இடுப்பும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைப் பார்த்தே அளவுகளைப் பிரிக்க வேண்டும்.

அளக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். இழுபட்டுப்போன பழைய துணி நாடா, தடித்த உடைக்கு மேல் எடுத்த அளவு, மூச்சை உள்ளிழுத்து நிற்கும் நிலை ஆகிய மூன்றும் தரவைக் கெடுத்துவிடும். இடையளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, நாடா கிடைமட்டமாக இருக்க எடுக்க வேண்டும். பெண்களை மறைவான அறையில் பெண்களே அளக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் பலர் வரமாட்டார்கள், வந்தவர்களின் அளவும் சரியாக அமையாது.

உடலளவையே ஆடையின் அளவாக எழுதிவிடுவதும் தவறு. அசைவுக்கான தளர்வை ஒவ்வோர் ஆடைக்கும் தனியே சேர்க்க வேண்டும்.

பாடசாலைச் சீருடையை வயதுக்கணக்கில் தைப்பதை விட்டுவிடலாம். ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் உயரமே பெரிதும் வேறுபடுவதால், அளவுச்சீட்டில் உயரத்தைச் சென்ரிமீற்றரில் அச்சிடுவது பொருத்தமானது. தாய்மாருக்குப் பிள்ளையின் உயரம் நினைவில் இராது. விற்கும் கடையின் சுவரிலேயே உயரக்கோடு ஒன்றை வரைந்து வைத்தால் போதும்.