எல்21 இருந்தால் கெல்ட்டா? தந்தைவழி மரபு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் குரோமோசோமின் டிஎன்ஏ சோதனை முடிவு கைக்கு வந்த பிறகுதான் கோளாறு தொடங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் பழையவர்கள் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுகிறார்கள்.

எல்21-ஐக் கெல்ட்டிக் முத்திரையாக நினைப்பது

அறிக்கையில் ஆர்1பி-எல்21 (ஆர்1பி என்ற தந்தைவழிப் பெருங்கிளையின் ஓர் உட்கிளை) என்று கண்டதும், பழைய ஐரோப்பாவில் கெல்ட்டிக் மொழி பேசிய கெல்ட்டுகளோடு சேர்த்துப் பேசப்படும் ஹால்ஷ்டாட், லா தேன் என்ற இரும்புக் காலப் பண்பாடுகள், ரோமைச் சூறையாடிய ‘கால்’ (Gaul) இனத்தவரின் படை என்று குடும்பக் கதை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் காலக்கணக்கே இடிக்கிறது. வட அயர்லாந்தின் ராத்லின் தீவில் 2006-இல் ஒரு மதுக்கடைக்கு வண்டிப்பாதை போட மண்ணைத் தள்ளியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றில் மூன்று ஆண்களின் டிஎன்ஏவைப் படித்தார்கள், மூவரும் எல்21. அதில் மூத்தவரின் காலம் ஏறக்குறைய கி.மு. 2000. ஹால்ஷ்டாட்டின் இரும்புக் காலம் தொடங்குவதோ கி.மு. 800 வாக்கில். அந்தப் பண்பாட்டிலிருந்து இந்த மரபு கிளம்பியிருக்க வழியே இல்லை.

2021-இல் வெளியான பண்டைய டிஎன்ஏ ஆய்வு ஒன்று, கி.மு. 1000–875 அளவில் ஐரோப்பிய நிலப்பரப்பிலிருந்து தென் பிரிட்டனுக்குப் பெருங்குடியேற்றம் நடந்ததைக் காட்டியது. கெல்ட்டிக் மொழி அவர்களோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அது சரியென்றால், பிரிட்டனின் எல்21 ஆண்களில் பலர் ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள். வந்தவர்களின் பேச்சைக் கற்றுக்கொண்டவர்கள். பாஸ்க் ஆண்களைப் பாருங்கள்: பெரும்பாலோர் ஆர்1பி, அதிலும் எல்21-இன் உடன்பிறந்த கிளையான டிஎஃப்27. அவர்கள் பேசுவது இந்தோ-ஐரோப்பிய மொழிகூட இல்லை.

இன்னொரு அடியும் உண்டு. தென்மேற்கு ஜெர்மனியில் ஹோக்டோர்ஃப், கிராஃபென்பியூல் மேடுகளில் புதைக்கப்பட்ட இரு கெல்ட்டிக் பிரபுக்கள் பெரும்பாலும் தாய்மாமனும் மருமகனும் என்று 2024 ஆய்வு சொல்கிறது. இங்கிலாந்தின் டார்செட்டில் தோண்டிய இரும்புக் காலக் கல்லறைகளில் பெரும்பாலோர் ஒரே தாய்வழியினர். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் மாப்பிள்ளைகள். உரிமை தாய்வழியில் இறங்கிய இடத்தில் அப்பா, தாத்தா என்று ஏறிப்போய் அந்தக் குலத்தைப் பிடிப்பது எப்படி?

செய்ய வேண்டியது: பிறழ்வின் (கிளையை அடையாளம் காட்டும் டிஎன்ஏ மாற்றம், எல்21 போல) பெயர், எலும்பு கிடைத்த இடம், அதன் நூற்றாண்டு என மூன்று கட்டங்கள் போடுங்கள். மொழிக்குக் கட்டம் வேண்டாம். அதற்குக் கல்வெட்டு வேண்டும். வட இத்தாலியில் லெப்போன்டிக் என்ற பழைய கெல்ட்டிக் மொழியில் கிடைத்த எழுத்துகளைப் போல.

இன்றைய வரைபடத்தைப் பார்த்துப் பிறந்த ஊர் சொல்வது

இன்று அடர்த்தியாக இருக்கும் இடம் பிறந்த இடமாக இருக்க வேண்டியதில்லை.

நீளப் பெயரை எழுதி வைப்பது

ஆர்1பி-யின் ஒரு கிளையான எம்269-இன் நீளப் பெயர் ஒரு காலத்தில் ஆர்1பி1பி2, பிறகு ஆர்1பி1ஏ2. நீளப் பெயர் மாறும், பிறழ்வின் பெயர் மாறாது. ‘எம்269’ என்றே குறியுங்கள்.

12 குறியீட்டுப் பொருத்தத்தை நம்பிக் கடிதம் எழுதுவது

குறியீடு என்பது ஒய் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்ற எண்ணிக்கை (எஸ்டிஆர்). ஆறு குறியீடுகளைப் பாருங்கள்: டிஒய்எஸ்393=13, 390=24, 19=14, 391=11, 388=12, 392=13. மேற்கு ஐரோப்பாவில் எண்ணற்ற ஆண்களுக்கு இதே வரிசைதான். 12-க்கு 12 ஒத்துப்போனாலும் பொதுத் தாத்தா வெண்கலக் காலத்தவராக இருக்கலாம். குறைந்தது 37 குறியீடுகளில் ஒப்பிடுங்கள். 4 வேறுபாட்டுக்குள் வந்து குடும்பப் பெயரும் ஒன்றானால் மட்டும் மேலே போங்கள். உறுதி செய்ய பிக் ஒய் போன்ற எஸ்என்பி (ஒற்றை எழுத்துப் பிறழ்வு) சோதனைதான். இருவருமே எடுத்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் காசு போனதுதான் மிச்சம்.

எம்222 என்றால் நியாலின் வாரிசு

2006-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வு, வடமேற்கு அயர்லாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஓர் ஆணிடம் ஒரே வகை ஒய் (எல்21-இன் உட்கிளையான எம்222) இருப்பதைக் கண்டு, ஒன்பது பிணையாளிகளின் நியால் என்ற அரசரோடு அதைச் சேர்த்துப் பேசியது. அன்று கையில் இருந்தவை 17 எஸ்டிஆர் குறியீடுகள். பின்னால் எஸ்என்பி கணக்கு வந்தபோது எம்222-இன் பொது மூதாதை நியாலுக்கு முந்தியவராகிவிட்டார். ஸ்காட்லாந்துத் தாழ்நிலத்திலும் அந்தக் கிளை ஏராளம். ‘எம்222’ என்று தெரிந்தால் போதாது, அதற்குக் கீழே எந்தக் கிளை என்று பாருங்கள்.