விமானம் தாமதம், விமானம் ரத்து: இழப்பீடு கேட்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

சென்னையிலிருந்து டெல்லி கிளம்ப வேண்டிய விமானம் ஐந்து மணி நேரம் தாமதம் என்று அறிவிக்கிறார்கள். பயணிகள் கவுன்ட்டரை மொய்த்துக்கொண்டு ஆளாளுக்கு இழப்பீடு கேட்கிறார்கள். "அதெல்லாம் கிடையாது" என்கிறார் ஊழியர். பேச்சு முற்றுகிறது. ஆனால் விதிப்படி பார்த்தால் ஊழியர் சொன்னதுதான் சரி. அங்கே நின்றவர்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. அதைக் கேட்டிருந்தால் அவரால் மறுத்திருக்க முடியாது.

நம் நாட்டில், உள்நாட்டு விமானம் தாமதமானது என்பதற்காக மட்டும் கையில் பணம் தரச் சொல்லும் விதி இல்லை. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010-இல் கொண்டுவந்து, பிறகு பலமுறை திருத்திய பயணிகள் வசதி விதிகள், ரத்துக்கும், உறுதியான டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்ற மறுப்பதற்கும்தான் பணம் தரச் சொல்கின்றன. தாமதத்துக்குக் கிடைப்பவை வேறு. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணம் என்றால் 3 மணி நேரத் தாமதம். அதற்கு மேற்பட்ட பயணங்களுக்கு 4 மணி நேரம். உள்நாட்டு விமானத்தின் தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும், எந்த விமானமானாலும் 24 மணி நேரத்தைத் தாண்டினாலும் ஹோட்டல் அறை தர வேண்டும். கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் இந்த அறைதான் பெரிய விஷயம். அதைக் கேட்காமல், கிடைக்காத பணத்துக்காகச் சண்டை போட்டு இரவெல்லாம் நாற்காலியில் கழிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

ரத்து என்றால் கணக்கே வேறு. இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் மாற்று விமானம் அல்லது பணம், அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள், ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் சொன்னாலும் அதே. கடைசி 24 மணி நேரத்தில் சொன்னால்தான், அல்லது சொல்லாமலே விட்டால்தான், மாற்று விமானம் அல்லது திரும்பக் கிடைக்கும் பணத்தோடு இழப்பீடும் சேர்கிறது. பயண நேரம் ஒரு மணி வரை என்றால் ரூ.5,000, இரண்டு மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. பலரும் இந்தத் தொகையைப் படித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வரியில், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த ஒருவழித் தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் என்று இருக்கிறது. டெல்லி டிக்கெட்டை ரூ.6,200-க்கு வாங்கியிருக்கிறீர்கள், அதில் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் போக ரூ.4,900 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வர வேண்டியது ரூ.6,200 ரீஃபண்டும் ரூ.4,900 இழப்பீடும். பத்தாயிரம் என்று எழுதினால் நிறுவனம் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு கோரிக்கை முழுவதையும் தள்ளப் பார்க்கும். டிக்கெட்டின் கட்டண விவரத்தைப் பார்த்துச் சரியான தொகையை எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது, எழுத்தில் எதையும் வாங்காமல் வீடு திரும்புவது. ரத்துச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்பதில்தான் இழப்பீடே அடங்கியிருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பேசுவது? வரிசையில் நிற்கும்போதே செல்பேசியிலிருந்து நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நீளமாக வேண்டாம்: "பிஎன்ஆர் எண், விமான எண், தேதி இவை. புறப்பாடு காலை 9.15. ரத்து என்ற தகவல் எனக்கு இன்று காலை 5.40-க்குத்தான் வந்தது. காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். மாற்று விமானமும் ரத்துக்கான இழப்பீடும் கோருகிறேன்." இது போதும். நேரம் பதிந்த ஆவணம் உருவாகிவிட்டது.

காரணத்தை ஏன் கேட்க வேண்டும்? வெள்ளம், புயல், கலவரம், வேலைநிறுத்தம், பாதுகாப்பு அச்சுறுத்தல், வான்வழிக் கட்டுப்பாட்டுச் சிக்கல் போன்று நிறுவனத்தின் கைமீறியவற்றுக்கு இழப்பீடு கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையே மூடப்பட்டபோது ரத்தான விமானங்களுக்கு இழப்பீடு கேட்பது வீண். ஆனால் வெயில் சுட்டெரிக்கும் நாளில் "வானிலை" என்று சொன்னால்? அப்போது புறப்பாட்டுப் பலகையைப் படமெடுங்கள். அதே நேரத்தில் அதே ஊருக்கு மற்ற நிறுவனங்களின் விமானங்கள் கிளம்பிப் போயிருந்தால் அந்தப் படம் உங்களுக்காகப் பேசும். காரணத்தை எழுத்தில் வாங்கிவிட்டால் பிறகு அதை மாற்றிச் சொல்வது நிறுவனத்துக்குக் கடினம்.

கைமீறிய காரணம் என்றதும் சாப்பாடும் கிடையாது என்று நினைப்பதும் தவறு. டெல்லிப் பனிமூட்டத்தில் பல மணி நேரம் விமானத்துக்குள்ளேயே காத்திருந்த பயணி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. பனிமூட்டத் தாமதத்துக்கு நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டியதில்லை, ஆனால் காத்திருக்கும் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் கடமை அதற்கு உண்டு, குறைந்த கட்டண நிறுவனமானாலும் உண்டு என்பதே அதன் சாரம்.

இன்னொரு தவறு டிக்கெட் போடும்போதே நடந்துவிடுகிறது. தெருமுனை டிராவல் ஏஜென்ட் பயணியின் எண்ணுக்குப் பதில் தன் செல்பேசி எண்ணைப் போட்டுவிடுவார். ரத்துத் தகவல் அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். தொடர்பு விவரத்தைச் சரியாகத் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. டிக்கெட் கையில் வந்ததும், அதில் இருப்பது உங்கள் எண்தானா என்று பாருங்கள். ரீஃபண்டுக்கு "ஏஜென்ட்டைக் கேளுங்கள்" என்று நிறுவனம் தட்டிக்கழித்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏஜென்ட் நிறுவனத்தின் பிரதிநிதி, பொறுப்பு நிறுவனத்துடையது.

பதற்றத்தில் செயலியைத் திறந்து டிக்கெட்டைத் தாமே ரத்து செய்பவர்களும் உண்டு. பயணி விரும்பி ரத்து செய்ததாகப் பதிவாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. நிறுவனம் அனுப்பிய இணைப்பிலோ கவுன்ட்டரிலோ மட்டுமே தேர்வைச் சொல்லுங்கள். அதேபோல, சொல்லாமல் கொள்ளாமல் வேறு விமானத்தைப் பிடித்துப் போய்விடாதீர்கள். வராத பயணி என்று எழுதிக்கொள்வார்கள்.

வவுச்சர் விஷயத்தில் ஏமாறுபவர்கள் ஏராளம். இழப்பீட்டைப் பணமாகத்தான் தர வேண்டும். பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் வவுச்சர். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபின், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ரூ.10,000 பயண வவுச்சர் அறிவித்தது. அது விதிப்படியான இழப்பீட்டுக்கு மேலாகத் தரப்படுவது என்று நிறுவனமே சொன்னது. வவுச்சரோடு கணக்கு முடிந்தது என்று எண்ணியவர்கள் தமக்குரிய பணத்தைக் கேட்காமலே விட்டிருப்பார்கள்.

ஐரோப்பாவோடு தொடர்புள்ள பயணங்களுக்கு இந்திய விதியை மட்டும் நம்பிக் கோரிக்கை வைப்பது பெரிய இழப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் எண் விதிப்படி, அங்கிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமும், அங்கே போய்ச் சேரும் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமும் உட்படும். ரத்துக்கு மட்டுமல்ல, ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2009 தீர்ப்புக்குப் பிறகு, 3 மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தாலும் பணம் உண்டு. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. நீங்கள் எவ்வளவுக்கு டிக்கெட் வாங்கினீர்கள் என்பது கணக்கில்லை. சாதாரண இயந்திரக் கோளாறு கைமீறிய காரணம் ஆகாது என்று 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, கதவு திறந்த நேரம். 2 மணி 55 நிமிடமா 3 மணி 5 நிமிடமா என்று தகராறு வரும்போது இது தீர்மானிக்கும். கதவு திறக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள்.

பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் டிக்கெட் போட்டு தோஹா வழியாகச் சென்னைக்கோ கொழும்புக்கோ வரும் நம்மவர்கள் பலர், வளைகுடா நிறுவனம் என்பதால் இது பொருந்தாது என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே பதிவில் வாங்கிய டிக்கெட் என்றால், தோஹாவில் இணைப்பு விமானம் தவறிச் சென்னைக்குத் தாமதமாக வந்தாலும் பொருந்தும். சென்னையிலிருந்து அதே வழியில் பாரிஸ் போகும்போதுதான் பொருந்தாது. பிரிட்டனுக்குத் தனி விதி. நீண்ட பயணத்துக்கு 520 பவுண்டு வரை. வாங்கித் தருகிறோம் என்று வரும் இடைத்தரகு நிறுவனங்கள் கால் பங்கையோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். முதலில் விமான நிறுவனத்தின் இணையப் படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்து, மதுரை விமானம் தாமதமாகிச் சென்னையில் கோலாலம்பூர் விமானத்தை விட்டவருக்கு, இணைப்பு தவறியதற்கான இழப்பீடு எந்த விதியிலும் எளிதில் கிடைக்காது. இணைப்புப் பயணத்தை ஒரே பிஎன்ஆரில் எடுப்பதே வழி.

நிறுவனம் மறுத்தால், அதன் குறைதீர் அதிகாரிக்கும் பிறகு மேல்முறையீட்டு அதிகாரிக்கும் எழுதுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். அங்கே புகார் முடிக்கப்பட்டதாகக் காட்டினாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணமும் இல்லை. மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று தொடங்காமல், டாக்சிக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, புதிய டிக்கெட்டுக்கு எவ்வளவு என்று ரசீதோடு வரிசையாக எழுதுங்கள். மன உளைச்சலுக்கான தொகையை அதற்குக் கீழே தனி வரியாகக் கேட்கலாம்.