'அருமை' என்று மட்டும் எழுதாதீர்கள்: கதை பகிரும் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம். யாரும் முழுநேர எழுத்தாளர் இல்லை. வேலை, வீடு, பிள்ளைகள் போக மிச்சமிருக்கும் நேரத்தில் கதை எழுதுகிறோம். ஞாயிறுதோறும் ஒருவர் கதையை மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்வோம். சென்ற ஆண்டு ஒரு தோழி அனுப்பிய கதை இப்படித் தொடங்கியது: "ரிடையர் ஆகி மூணு மாசம் ஆகியும் அப்பா தினமும் எட்டேகால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். கையில் டிபன் பாக்ஸ்."

அன்றைக்கே பதினோரு பதில்கள். "அருமை", "கண் கலங்கிடுச்சு", "சூப்பர் தோழி", கைகூப்பும் படங்கள். பன்னிரண்டாவதாக ஒருவர் எழுதினார்: "அப்பா ரிடையர் ஆனது முதல் வரியிலேயே தெரிஞ்சுபோச்சு. அதனால டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எங்க போறாருன்னு எனக்குக் கேள்வியே வரல. பார்க் பெஞ்சுல உக்காந்து தனியா சாப்பிடற இடத்துல தூக்கிவாரிப் போட்டிருக்கணும். போடல."

தோழிக்குக் கைகொடுத்தது அந்த ஒரு பதில்தான். கதை நன்று, தீது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. படிக்கும்போது எந்த வரியில் தனக்கு என்ன ஆனது என்று சொன்னார். எழுதியவரால் தானாகத் தெரிந்துகொள்ளவே முடியாத விஷயம் அது. அவருக்குத்தான் கதையின் முடிவு முதலிலேயே தெரியுமே! கதை பகிரும் குழுக்களில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, இந்தத் தகவலைப் படித்தவர் கொடுக்காததால் வந்தவை. மீதி, எழுதியவர் அதை வாங்கிக்கொள்ளாததால் வந்தவை.

முதலில் மொய்க் கணக்கு. என் கதைக்கு நீங்கள் நாலு வரி பாராட்டினீர்கள், உங்கள் கதைக்கு நான் நாலு வரி பாராட்டுகிறேன். கல்யாண வீட்டில் நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்வது உறவைக் காப்பாற்றும். கதைக்கு அது ஒத்துவராது. ஆறு மாதம் இப்படிப் போனால் குழுவில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள், ஒருவருடைய எழுத்தும் ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது. பாராட்டவே கூடாது என்று சொல்லவில்லை. பாராட்டும்போதும் இடத்தைச் சுட்டுங்கள். "அம்மா டப்பாவுக்குள்ள சோத்தை அழுத்தி வைக்கிற வரியில நின்னுட்டேன்" என்று எழுதினால், அடுத்த முறை திருத்தும்போது அந்த வரியை வெட்டாமல் காப்பாற்றிக்கொள்வார்.

அடுத்தது, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ மிஸ்ஸிங்" வகைப் பதில். இதை வைத்துக்கொண்டு எழுதியவர் என்ன செய்வார்? குறையைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வரிசையாகச் சொல்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. அவர் மனத்தில் இருந்தது சிறுகதை இல்லைதான். ஆனாலும் எங்கள் குழுவில் வரும் கதைகளின் குறைகளில் பாதிக்குமேல் இந்தப் பத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தங்கையின் கல்யாணத்தைப் பற்றிய கதை, மண்டபத்துச் சமையல்காரரின் சொந்த ஊர் வரலாற்றுக்குள் ஒன்றரைப் பக்கம் போய்விட்டால் அது மற்றொன்று விரித்தல். விறுவிறுவென்று தொடங்கிக் கடைசியில் ஒரு போன் காலில் சப்பென்று முடிந்தால் அது சென்று தேய்ந்து இறுதல். இப்போதெல்லாம் நாங்கள் "மூணாம் பக்கம், ரெண்டாம் பத்தி, மற்றொன்று விரித்தல்" என்றே எழுதிவிடுகிறோம். எழுதியவருக்கு உடனே புரிகிறது, மனமும் நோவதில்லை.

அடுத்தவர் கதையைத் தன் கதையாக எழுதிக் கொடுப்பது இன்னும் பெரிய தவறு. திருநெல்வேலிக்காரர் ஒருவர் தன் கதையில் ஒரு ஆச்சியைப் பேச வைத்திருந்தார். "நா சொல்லுதேன் கேளு" என்பாள் ஆச்சி. கூகுள் டாக்ஸில் அந்தக் கதையைத் திறந்த ஒருவர், எல்லா 'சொல்லுதேன்'களையும் 'சொல்கிறேன்' என்று மாற்றிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அந்த நிமிஷமே ஆச்சிக்கு ஊரில்லாமல் போய்விட்டது. வட்டார வழக்கு புரியவில்லை என்றால் "இந்தச் சொல் எனக்குப் பிடிபடல" என்று ஓரத்தில் எழுதுங்கள், அதுவும் பயனுள்ள தகவல்தான். கை வைக்காதீர்கள். கோப்பைப் பகிர்பவரும், திருத்தும் அனுமதி தராமல் கருத்திடும் அனுமதி மட்டும் தந்தால் இந்தச் சங்கடமே வராது.

எழுத்துப்பிழையைப் பற்றி ஒரு வார்த்தை. சந்திப்பிழை சின்ன விஷயமில்லை. 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறோம், 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலிருக்கும் வேலைக் கேட்கிறோம். ஆனால் முதல் வரைவிலேயே நாற்பது ஒற்றுப்பிழையைச் சுட்டினால், எழுதியவர் அந்த நாற்பதையும் சரிசெய்துவிட்டுக் கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். அந்தப் பத்தியே தேவையில்லை என்ற பேச்சு எழாமலே போய்விடும். கதை நிலைபெற்ற பிறகு பிழை பாருங்கள்.

இப்போது சொல்லப்போவதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. கணவனை விட்டுப் பிரியும் ஒரு பெண்ணைப் பற்றிக் குழுவில் ஒருவர் எழுதினார். கதை போன அன்று இரவே அவருக்குத் தனிச்செய்தி: "வீட்ல எல்லாம் ஓகேவா சிஸ்டர்?" மறுநாள் இன்னொருவர், "உங்க ஹஸ்பெண்ட் இதைப் படிச்சாரா?" அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் 'நான்' என்று தொடங்கும் கதையே எழுதவில்லை. ஆண்கள் கொலைகாரனைப் பற்றி எழுதினால் யாரும் போலீசுக்குச் சொல்வதில்லை, பெண்கள் எழுதினால் மட்டும் எல்லாம் சொந்தக் கதையாகிவிடுகிறது. அதேபோல், கதையில் வரும் பேச்சையும் சாமி பெயரையும் வைத்து எழுதியவர் என்ன சாதி என்று துப்புத் துலக்குபவர்களும் உண்டு. 'நான்' என்று பேசுவது கதைசொல்லி. கருத்துச் சொல்லும்போது "நீங்க ஏன் அவனை அறைஞ்சீங்க" என்று கேட்காமல் "கதைசொல்லி ஏன் அறைஞ்சா" என்று கேளுங்கள். எங்கள் குழுவில் இதை விதியாகவே வைத்திருக்கிறோம். மீறியவர்களில் ஒருவரை வெளியேற்றியும் இருக்கிறோம்.

எழுதுபவர்கள் பக்கம் வருகிறேன். இரவு ஒரு மணிக்கு முடித்துவிட்டு ஒன்று ஐந்துக்குக் குழுவில் போடாதீர்கள். ஒரு வாரம் ஆறப்போட்டு, வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் வாக்கியமும், யாரும் அப்படிப் பேசாத உரையாடலும் காதுக்கே தெரிந்துவிடும். அவற்றைக் கண்டுபிடிக்கப் பதின்மூன்று பேரின் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டியதில்லை. அனுப்பும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் போனைக் கீழே வைக்கத் தோன்றியது?" என்று கேளுங்கள்.

பதில்கள் வரும்போது விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையின் வழியில் நடக்கும் வகுப்புகளில் ஒரு வழக்கம் உண்டு: கதையை மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எழுதியவரை ஊமையாக்குகிறது என்று இதைக் குறை சொல்பவர்களும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில், முதல் பதில் வந்த இரண்டாவது நிமிஷமே "நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று நாலு நிமிஷக் குரல் பதிவு போய்விட்டால், மீதிப் பேர் கதையைப் படிக்க மாட்டார்கள், பதிவைத்தான் கேட்பார்கள். ஒரு நாள் பொறுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்.

பத்திரிகைக்கோ போட்டிக்கோ அனுப்பும் எண்ணமிருந்தால், யாரும் படிக்கக்கூடிய இடத்தில் கதையைப் போடாதீர்கள். 'வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு, பொதுவெளியில் போட்ட கதையை வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மூடிய குழுவே பாதுகாப்பு. குழுவில் வந்த கதையை வெளியே அனுப்புவதும், கருத்துகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றுக்கு விடுவதும் நம்பிக்கைத் துரோகம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, எழுதிய கணமே உரிமை எழுதியவருடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்வதும் தவறுதான். டிபன் பாக்ஸ் கதைக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? பன்னிரண்டாவது பதிலைப் பார்த்ததும், "அட, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கல் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மூவரும் மூன்று மருந்து சொன்னார்கள். முதல் வரியைக் கடைசிக்குக் கொண்டுபோகலாம் என்றார் ஒருவர். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரைப் பார்க்கில் சந்திக்க வைக்கலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், மகன் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடிக்கட்டும் என்றார்.

தோழி மூன்றையும் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து வந்த கதையில் ரிடையர் என்ற சொல்லே எங்கும் இல்லை. அம்மா டப்பாவுக்குள் சோற்றை அழுத்தி வைக்கிறாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டேகால் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். வாசலுக்குப் பக்கத்தில், அவருடைய ஆபீஸ் அடையாள அட்டை தொங்கும் ஆணி காலியாக இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.