வாழைப்பழம் கொடுத்தால் சளி பிடிக்குமா?

கைக்குழந்தைக்கு வாழைப்பழமும் ஆரஞ்சும் கொடுக்க வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது வழக்கம். கேட்டால், சளி பிடிக்கும் என்பார்கள். இந்தப் பழங்களால் சளி பிடிக்காது; ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

இந்தப் பழங்களைப் பற்றி வேறொரு தகவலும் உண்டு. கலிபோர்னியாவில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 2 வயதுக்குள் இவற்றை அடிக்கடி சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்து தெரிந்தது. ஆனால் இது பெற்றோரிடம் பழைய உணவுப் பழக்கத்தை நினைவுபடுத்திச் சொல்லக் கேட்ட ஆய்வு. பழம்தான் காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

தாய்ப்பாலுக்கு ஆதாரம் இன்னும் கொஞ்சம் கனமானது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ம் ஆண்டு அலசலில், 6 மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் இந்த ஆபத்து 19 சதவீதம் குறைவாக இருந்தது.

சரி, எப்படிக் கொடுப்பது? தோலில் கரும்புள்ளி விழுந்த, நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தைக் கரண்டியால் கட்டியில்லாமல் மசித்து, முதல் நாள் ஒரு ஸ்பூன் மட்டும் ஊட்டுங்கள். ஆரஞ்சுச் சுளையில் விதையையும் மேல்தோலையும் உரித்துவிட்டு, உள்ளிருக்கும் சதையை மட்டும் நசுக்கிக் கொடுங்கள். முழுச்சுளை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பழச்சாறு ஒரு வயதுக்கு முன் வேண்டாம், சர்க்கரை கலந்த டப்பா ஜூஸ் அதற்குப் பிறகும் வேண்டாம்.

அப்புறம், குழந்தைக்கு ஏற்கெனவே ரத்தப் புற்றுநோய் வந்திருந்தால், 'சரியாக ஊட்டவில்லை' என்று தாயைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வந்தது என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு என்ன பழம் கொடுக்கலாம் என்பதை அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.